பழ ஐஸ் டீ: ஜாடி ஜாடியாகச் செய்து பார்த்தது

வெயில் ஏறத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு மாலை, ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி நிறைய ஐஸ் டீ போட்டு வைத்தேன். சூடான டீக்கு வழக்கமாகப் போடும் அதே டீத்தூள், ஏழெட்டு ஸ்ட்ராபெரி, வட்டமாக நறுக்கிய ஓர் எலுமிச்சை, சர்க்கரை. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்தேன். சூடாக இருந்தபோது செம்பழுப்பு நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. காலையில் திறந்தால் மழை பெய்த மறுநாள் குட்டைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்த மகள், "அம்மா, நாக்கு இழுக்குதும்மா" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

கொட்டுவதற்கு முன்னால் நானும் நிதானமாக நாலு வாய் குடித்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதினேன். கலங்கல். கடுப்பு. பழ வாசனை சுத்தமாக இல்லை. இந்த மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை என்று புரிவதற்கே நான்கு ஜாடி ஆனது. அதனால் ஒரு ஜாடிக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது, மாற்றியதை அன்றைக்கே எழுதி வைப்பது என்று ஆரம்பித்தேன். அந்தக் கோடையில் மொத்தம் பதினாறு ஜாடி. இங்கே எழுதுவதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான்.

முதலில் கலங்கலைப் பிடித்தேன்

டீத்தூளின் தூசிதான் வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கிறது என்று நினைத்து, அதே டீயை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. துணியிலும் ஒன்றும் தங்கவில்லை. அப்புறம் அதில் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, டம்ளரை ஒரு கிண்ணம் வெந்நீரில் நிறுத்தி, ஜன்னல் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரின் ஓரத்திலிருந்து தெளிவு மெல்ல உள்ளே நகர்ந்து வந்தது. நாலைந்து நிமிடத்தில் டம்ளருக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. எடுத்து ஐஸ் தண்ணீரில் வைத்தேன். கம்பிகள் மறுபடி மறைந்தன. மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே.

ஆக, அது தூசி இல்லை. சூட்டில் கரைந்திருந்து குளிரில் பிரிகிற ஒன்று. கறுப்புத் தேயிலையில் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று இரண்டு வகைப் பாலிஃபீனால்கள் இருக்கின்றன. டீயின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் இவை தருவதுதான். டீ சூடாக இருக்கும்வரை இவையும் கஃபீனும் தண்ணீரில் கரைந்தே இருக்கும். ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்தைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரிய துகள்களாகிவிடும். தேயிலைத் தொழிலில் இதற்கு 'கிரீம்' என்று பெயர். ஆறிய டீ இப்படிக் கலங்கினால் தேயிலை திடமானது என்பார்கள் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள். பால் ஊற்றிக் குடிக்கும் டீக்கு அந்தத் திடம் வேண்டும். கண்ணாடி டம்ளரில் பழம் மிதக்கத் தரும் டீக்கு அது வேண்டாம்.

நான் போட்ட டீத்தூள் சிடிசி வகை. இலையை நொறுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு உருண்டைகளாக ஆக்கியது. வெந்நீர் பட்டதும் உள்ளே இருப்பதையெல்லாம் வேகமாக விட்டுவிடுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதைப் பத்து நிமிடம் கொதிக்கவும் வைத்தால் கலங்காமல் என்ன செய்யும்? இரண்டாவது ஜாடிக்கு முழு இலைத் தேயிலை வாங்கினேன். லிட்டருக்கு 10 கிராம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு மூடி, சரியாக 4 நிமிடம். கடுப்பு பாதியாகக் குறைந்தது. கலங்கல் குறைந்தது, போகவில்லை.

இந்த நிலையில் அவசரத்துக்கு உதவும் ஒரு வழி இருக்கிறது. கலங்கிய டீயில் ஒரு கரண்டி கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் தெளிந்துவிடும். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விருந்தாளி வாசலில் நிற்கும்போது இது போதும்.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்புத்தன்மை அதிகமுள்ள கடினத் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஒரு மெல்லிய படலம் கட்டும். டம்ளர் ஓரத்தில் பழுப்பு வளையம் விழும். அது கால்சியத்தால் வருவது, நான் மேலே சொன்ன கலங்கலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வடிகட்டிய குடிதண்ணீருக்கு மாறியதும் நின்றுவிட்டது.

வடிகட்டும்போது பிழியாதீர்கள்

மூன்றாவது ஜாடியில் ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். வடிகட்டியில் தங்கிய இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிவது என் பழக்கம். அதில் ஐந்தாறு ஸ்பூன் டீ நிற்கிறதே, ஏன் வீணாக்க வேண்டும் என்று. அன்றைக்கு ஃபோன் வந்ததால் பிழியாமல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து அந்த இலையை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் பிழிந்து சுவைத்தேன். அவ்வளவு கடுப்பு! ஒரு லிட்டர் டீயையும் கெடுத்துக்கொண்டிருந்தது அந்த ஐந்து ஸ்பூன்தான். அதோடு தேயிலைப் பொடியும் அதில்தான் வருகிறது.

இது ஒன்றும் புது விஷயம் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துச் சமையலைப் பற்றி 1879இல் அச்சான ஒரு நூலில் ஐஸ் டீ குறிப்பு இருக்கிறது. காலையில் பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் போட்டு வைத்து, பிறகு கிளறாமல் வடிகட்டி, அப்படியே நிற்கவிட்டு, மாலையில் அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் சாய்த்து எடுக்கச் சொல்கிறது. டம்ளரில் ஐஸும் சர்க்கரையும் போட்டு அதன்மேல் ஊற்ற வேண்டும், எலுமிச்சையை ஒரு பிழி பிழிந்தால் துவர்ப்பு அடங்கும் என்றும் இருக்கிறது. நான் மூன்று ஜாடி வீணாக்கித் தெரிந்துகொண்டதை யாரோ ஒருவர் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரக் கண்காட்சியில்தான் ஐஸ் டீ பிறந்தது என்று பல இடங்களில் சொல்வார்கள். அங்கே இந்தியத் தேயிலையைப் பரப்ப வந்த ரிச்சர்ட் பிளெசிண்டன் என்பவர், வெயிலில் யாரும் சூடான டீயைச் சீண்டாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்று கதை. அவர் அதைப் பலருக்கும் பழக்கப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே குறிப்பு அச்சிலேயே வந்துவிட்டது.

ஐஸ் எவ்வளவு என்று ஒரு கணக்கு

அப்புறம், சூடான டீயை நேராக ஐஸ் மேல் ஊற்றுகிற முறைக்கு வந்தேன். ஊற்றியதும் ஐஸ் எல்லாம் உருகி டீ வெறும் தண்ணீராகிவிடுகிறது என்பதுதான் எல்லோருக்கும் உள்ள குறை. அதற்குப் பயந்து ஐஸைக் குறைத்தால் வெதுவெதுப்பாக ஒரு டீ கிடைக்கும். குறைக்க வேண்டியது தண்ணீரைத்தான், ஐஸை இல்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். ஃபிரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இருந்த ஐஸ் பூஜ்யத்துக்கு வர இன்னொரு 9 கலோரி. உருகிய தண்ணீர் 5 டிகிரிக்கு ஏற இன்னும் 5. ஆக ஒரு கிராம் ஐஸ் ஏறக்குறைய 94 கலோரியை வாங்கிக்கொள்ளும். 85 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் டீயை 5 டிகிரிக்கு இறக்க 40,000 கலோரியை எடுக்க வேண்டும். 40,000-ஐ 94-ஆல் வகுத்தால் 425 கிராம். அதாவது டீயின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஐஸ் உருகிவிடும், எப்படியும் உருகும். அப்படியானால் டீயை முதலிலேயே இரண்டு மடங்கு திடமாகப் போட்டுவிட்டால், உருகி முடியும்போது அளவு சரியாக வந்து நிற்கும்.

செய்தது இப்படி: அரை லிட்டர் தண்ணீர், 10 கிராம் இலை, 4 நிமிடம். ஜாடியில் 500 கிராம் ஐஸை எடை போட்டு வைத்து அதன்மேல் வடிகட்டினேன். கொஞ்சம் ஐஸ் மிச்சம் நின்றது, டீ பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அடுப்பு வைத்ததிலிருந்து டம்ளர் கைக்கு வரும்வரை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டீ வாசனை இந்த முறையில்தான் தூக்கலாக இருந்தது. மெதுவாக ஆறும்போது ஆவியோடு போகிற வாசனை இதில் உள்ளேயே நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். லேசான மங்கல் இருந்தது. உடனே குடிப்பதானால் பொருட்படுத்த வேண்டியதில்லை. கண்ணாடி ஜாடியில் கொதிக்கிற டீயை ஐஸ் மேல் ஊற்றும்போது ஜாடி விரிசல் விடக்கூடும். எவர்சில்வர் பாத்திரத்தில் குளிரவைத்து ஜாடிக்கு மாற்றுங்கள்.

ஃபிரிட்ஜிலேயே ஊறவிடுவது

ஐந்தாவது ஜாடியில் அடுப்பையே பற்றவைக்கவில்லை. ஒரு லிட்டர் குளிர்ந்த குடிதண்ணீரில் 12 கிராம் இலையைப் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தேன். 4 மணி நேரத்தில் எடுத்துச் சுவைத்தால் வைக்கோல் நிறம், வாசனை மட்டும் இருந்தது. 6 மணி நேரத்தில் இனிமையான டீ, ஆனால் மெல்லியது. 8 மணி நேரத்தில் தேன் நிறம் வந்தது. ஜாடியைத் தூக்கி ஜன்னலில் பிடித்தேன். கம்பிகள் மட்டுமில்லை, கம்பியில் உட்கார்ந்திருந்த ஈகூடத் தெரிந்தது. 12 மணி நேரத்தில் லேசான கடுப்பு தலைகாட்டியது. அதிலிருந்து கறுப்புத் தேயிலைக்கு 8 மணி நேரம் என்று நிறுத்திக்கொண்டேன். பச்சைத் தேயிலைக்கு 5 மணி நேரமே போதும்.

குளிர்ந்த தண்ணீர் இலையிலிருந்து பாலிஃபீனாலையும் கஃபீனையும் குறைவாகவே இழுக்கிறது. கடுப்பு குறைவதும் கலங்காமல் இருப்பதும் இதனால்தான். இரண்டு குறைக்கும் ஒரே மருந்து. ஆனால் இந்த டீயில் ஒரு பிடிப்பு குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திடமான டீ குடித்துப் பழகிய வீட்டுக்காரர், "நல்லாத்தான் இருக்கு, டீ எங்கே?" என்றார். அவருக்கு ஐஸ் மேல் ஊற்றியதுதான் பிடித்தது. இப்போது இரண்டும் செய்கிறேன்: மாலையில் திடீரென்று கேட்டால் அது, இரவில் திட்டமிட்டுப் போட்டால் இது.

இதோடு சேர்த்து, செய்யக் கூடாத ஒன்றையும் எழுதுகிறேன். ஜாடியை மூடி மொட்டை மாடி வெயிலில் வைத்து டீ இறக்கும் முறை ஒன்று உண்டு. வெயில்தான் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு நாள் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துச் சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 46 டிகிரி. கிருமிகள் சுகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான். தேயிலை காய்ந்த இலை. அதில் கிருமியே இருக்காது என்று சொல்ல முடியாது. கொதிநீர் பெரும்பாலானவற்றைக் கொல்லும், ஃபிரிட்ஜின் குளிர் வேகமாக வளரவிடாது. வெயிலில் வைத்த ஜாடி இரண்டும் செய்வதில்லை. நிறம் அருமையாக வந்திருந்தது. குடிக்காமல் கொட்டினேன். பழமும் சர்க்கரையும் சேர்த்து வெயிலில் வைத்தால் இன்னும் மோசம். குழந்தைகளும் வயதானவர்களும் குடிக்கிற வீட்டில் இந்த முறையை நினைக்கவே வேண்டாம்.

பழம்: நான் செய்த பெரிய தவறு

டீ சரியாகிவிட்டது. பழம் ஆகவில்லை. ஆறாவது ஜாடியில் குளிர்நீரோடும் இலையோடும் நறுக்கிய பழத்தையும் சேர்த்தே போட்டேன். படங்களில் அப்படித்தானே இருக்கிறது, கண்ணாடி ஜாடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழத் துண்டுகள் மிதக்கும். 8 மணி நேரம் கழித்து ஸ்ட்ராபெரி வெளிறிப்போய் ஈரப் பஞ்சு மாதிரி இருந்தது. அதன் நிறம் டீயில் கொஞ்சம் இறங்கியிருந்தது, ருசி இறங்கியதாகவே தெரியவில்லை. பழத்தின் மேலெல்லாம் இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. எலுமிச்சை வட்டங்களின் வெள்ளைத் தோலிலிருந்து கசப்பு ஏறியிருந்தது. இது தேயிலைக் கடுப்பு இல்லை, தொண்டையின் பின்பக்கம் தங்கிக்கொள்கிற கசப்பு.

அடுத்த ஜாடியில் பழத்தை இரட்டிப்பாக்கினேன். அதற்கடுத்ததில் பழத்தைத் தனியாகச் சர்க்கரையோடு வேகவைத்துச் சேர்த்தேன். வேகவைத்தது ஜாம் வாசனை அடித்தது. பழத்தில் இருக்கும், ஜாமைக் கெட்டியாக்குகிற பெக்டின் என்ற பொருள் வெந்து கரைந்து, தெளிந்த டீயை மறுபடி கூழாக மங்கவைத்தது. மூன்று ஜாடி போன பிறகுதான், பழத்துக்குத் தேவையானதும் தேயிலைக்குத் தேவையானதும் வேறுவேறு என்பது எனக்கு உறைத்தது. தேயிலைக்குத் தண்ணீரும் நேரமும் வேண்டும். பழத்துக்குத் தண்ணீரே வேண்டாம். அதற்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அதை வெளியே வரவைக்கச் சர்க்கரை போதும். இரண்டையும் தனித்தனியாகச் செய்து, கடைசியில் ஜாடியில் சேர்த்துவைத்தால் போதும்.

கால் கிலோ ஸ்ட்ராபெரியை நீளவாக்கில் நான்காக நறுக்கி, 100 கிராம் சர்க்கரையைத் தூவிப் புரட்டி ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் சர்க்கரையின் வெள்ளை மறைந்து, துண்டுகள் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கின. இருபது நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் சிவப்பு ஒரு விரல்கடை நின்றது. ஒரு மணி நேரத்தில் துண்டுகள் சுருங்கித் தங்கள் சாற்றிலேயே மிதந்தன. பழத்தின் செல்லுக்குள் இருப்பதைவிட வெளியே சர்க்கரை அடர்த்தி அதிகமாக இருப்பதால், உள்ளே இருக்கும் தண்ணீர் செல்லின் சவ்வைத் தாண்டி வெளியே வருகிறது. நிறமும் ருசியும் கூடவே வருகின்றன. சூடே படாததால் வாசனை பச்சையாக, அப்போது பறித்த பழம்போல் இருக்கிறது. நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வடிகட்டினால் 170 மில்லி சாற்றுப் பாகு கிடைத்தது. அழுத்திப் பிழியவில்லை. தெளிந்த ரத்தினச் சிவப்பு.

ஃபிரீஸரில் உறைந்திருந்த பழத்தில் இது இன்னும் வேகம். உறையும்போது பழத்துக்குள் உருவாகும் ஐஸ் படிகங்கள் செல்லின் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போதே சாறு ஓட ஆரம்பிக்கும். அடிபட்ட, ரொம்பக் கனிந்த பழம் கிடைத்தால் நறுக்கி உறையவைத்துவிடுகிறேன். தட்டில் வைத்துச் சாப்பிட லாயக்கில்லாத பழம்தான் பாகுக்கு நல்ல பழம்.

எலுமிச்சைத் தோல்

இந்தக் கோடையில் நான் கற்றுக்கொண்டதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். எலுமிச்சை வாசனை சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. தோலைச் சீவி, ஒரு விளக்குக்கு எதிரே பிடித்து மஞ்சள் பக்கம் வெளியே இருக்கும்படி மடக்கிப் பாருங்கள். மெல்லிய பனி மாதிரி எண்ணெய் தெறிக்கும். அந்தத் தோலில் ஊசி குத்தினது போலத் தெரிகிற புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற வாசனைப் பொருள். அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் எலுமிச்சையை வட்டமாக நறுக்கி டீயில் மிதக்கவிட்டால் வாசனையைவிடக் கசப்பு முந்திக்கொண்டு வருகிறது.

நான்கு எலுமிச்சையை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பளபளப்புக்காக மெழுகு பூசியிருந்தால் போக வேண்டும். காய் தோல் சீவும் கத்தியால் மஞ்சளை மட்டும் சீவினேன். வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கை கனமாக இருக்கிறது என்று அர்த்தம். மெதுவாகச் சீவ வேண்டும். சீவலின் மேல் 100 கிராம் சர்க்கரையைக் கொட்டி, மத்தின் அடியால் இரண்டு நிமிடம் நசுக்கினேன். மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சமையலறை முழுக்க வாசனை. சர்க்கரை ஈர மணல்போல மஞ்சளாகி இருந்தது. நாலு மணி நேரம் விட்டு, அந்த நான்கு எலுமிச்சையின் சாற்றையே அதில் ஊற்றிக் கலக்கினேன். சர்க்கரை கரைந்ததும் தோலை வடிகட்டி எடுத்துவிட்டால் பாகு தயார். லத்தீனில் இதற்கு ஓலியோ சாக்கரம் என்று பெயர், எண்ணெய்ச் சர்க்கரை என்று பொருள். பழைய காலத்தில் 'பஞ்ச்' என்ற, மதுவும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பானங்களுக்கு இப்படித்தான் எலுமிச்சை வாசனை ஏற்றினார்கள். ஆரஞ்சுத் தோலிலும் இதே மாதிரி செய்யலாம். ஆனால் ஆரஞ்சுச் சாற்றை முன்கூட்டியே பிழிந்து வைக்காதீர்கள். சில ஆரஞ்சு வகைகளில் பிழிந்த சாறு சில மணி நேரம் நின்றால் கசப்பேறிவிடும். குடிக்கும் நேரத்தில் பிழிவதுதான் சரி.

எலுமிச்சைப் பாகைக் கறுப்பு ஐஸ் டீயில் ஊற்றும் அந்த நொடியை மட்டும் தவற விடாதீர்கள். அடர்ந்த செம்பழுப்பு, கண்ணெதிரே பொன்னிறமாக வெளுக்கும். தண்ணீர் கலந்ததால் வெளுப்பதில்லை, புளிப்பால் வெளுக்கிறது. தியாரூபிஜின் புளிப்பில் வெளிர் நிறம் காட்டும், சமையல் சோடா போன்ற காரப் பொருள் பட்டால் கறுக்கும். மகள் கேட்டதற்காக இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டுக் காட்டினேன். டீ காபி மாதிரி கறுத்தது.

மற்ற பழங்கள்

அன்னாசி இந்த முறைக்கென்றே பிறந்த பழம். நடுத்தண்டையும் தூக்கி எறியாமல் சேர்த்து நறுக்கிச் சர்க்கரையில் போடுங்கள். பீச், பிளம் இரண்டையும் தோலோடு போட வேண்டும். நிறம் தோலில்தான் இருக்கிறது. பேஷன் பழத்துக்கு ஊறவைக்கிற வேலையே இல்லை, வழித்து நேராக ஜாடியில் போட்டால் புளிப்பும் வாசனையும் போதும் போதும் என்னும்.

மாம்பழத்தில்தான் திணறினேன். சதை அரைத்துச் சேர்த்தால் ருசி அபாரம், ஆனால் நாரும் கூழும் அரைமணியில் அடியில் படிந்துவிடுகின்றன. கெட்டியான, இன்னும் முழுதாகக் கனியாத மாம்பழத்தைத் துண்டு போட்டுச் சர்க்கரையில் ஊறவைத்தால் தெளிந்த பாகு வருகிறது, ருசி பாதிதான் வருகிறது. கடைசியில் தெளிவை விட்டுக்கொடுத்தேன். மாம்பழத்துக்கு மட்டும் அரைத்த சதையை டம்ளரின் அடியில் இரண்டு ஸ்பூன் வைத்து, ஐஸ் போட்டு, மேலே டீயை மெதுவாக ஊற்றுகிறேன். குடிக்கிறவர் கலக்கிக்கொள்ளட்டும்.

கறுப்புத் திராட்சையின் தோலிலும் மாதுளையிலும் ஏற்கனவே துவர்ப்பு உண்டு. கறுப்புத் தேயிலையோடு சேர்ந்தால் மறுபடி நாக்கு இழுக்கும். அவற்றைப் பச்சைத் தேயிலையோடு சேர்த்தேன், நன்றாக வந்தது. தர்ப்பூசணிச் சாறு டீயில் கலந்தால் இருக்கிற இடமே தெரியவில்லை. அதையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளாகப் போட்டால், உருக உருக டம்ளர் சிவந்துகொண்டே வரும். ஆப்பிள் நறுக்கியதும் பழுப்பாகிவிடுகிறது, கொடுக்கிற ருசியும் குறைவு. வாழைப்பழமும் பப்பாளியும் இதற்கு ஆகாது என்பது என் தீர்மானம்.

சர்க்கரை விஷயத்தில் ஒரு திருத்தம்

குளிர்ந்த டீயில் சர்க்கரை கரையாது என்று பொதுவாகச் சொல்வோம். கரையும். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும், பூஜ்ய டிகிரியிலும் 180 கிராம் அளவுக்குக் கரைக்கும். குளிரில் அது ரொம்ப மெதுவாகக் கரைகிறது, அவ்வளவுதான். நாம் குடித்து முடிப்பதற்குள் கரைந்து முடிவதில்லை. பழப் பாகில் முன்பே கரைந்த சர்க்கரை இருப்பதால் வேறு சர்க்கரையே தேவைப்படவில்லை. யாருக்காவது கூட இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு போட்டுக் கரைத்த பாகு ஒரு பாட்டிலில் இருக்கட்டும்.

இனிப்பு சரியா என்று டீ நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். நாக்குக்குக் குளிரில் இனிப்பு குறைவாகத் தெரியும். அறை வெப்பத்தில் அளவாக இருந்தது, ஐஸ் போட்டதும் சப்பென்று ஆகிவிடும். பதினோராவது ஜாடியில் இதை மறந்து, மறுபடி பாகு கலக்க வேண்டியதாயிற்று.

இப்போது வீட்டில் நடப்பது

இரவு பாத்திரம் கழுவி முடித்த கையோடு ஒரு லிட்டர் தண்ணீரில் 12 கிராம் இலை, ஃபிரிட்ஜில். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் சர்க்கரை தூவிய பழம். காலையில் இலையைப் பிழியாமல் வடிகட்டி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் நிற்கும் ஒரு விரல்கடை டீயை விட்டுவிட்டு மற்றதைச் சாய்த்து எடுக்கிறேன். அதில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கிறேன். டீயிலேயே செய்த கட்டி உருகினால் டீ நீர்த்துப் போகாது. ஒரு டம்ளருக்கு 200 மில்லி டீ, 30 மில்லி பழப் பாகு, ஒரு ஸ்பூன் எலுமிச்சைப் பாகு, நாலு கட்டி டீ ஐஸ். பாகு முதலில், டீ பிறகு. அப்போதுதான் தானாகவே கலந்துகொள்ளும்.

வடிகட்டிய டீ இரண்டு நாள் வரை ஃபிரிட்ஜில் நன்றாக இருக்கிறது. பாகு சேர்த்த ஜாடியை அன்றைக்கே தீர்த்துவிடுகிறோம். பாகு மட்டும் தனியாக நாலைந்து நாள் தாங்கும். டீ கொழகொழப்பாக இழுத்தாலோ, திறக்கும்போது புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

சாறு இறங்கிய பழத் துண்டுகளை முதலில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவை டீயில் ஊறி வெளிறிய துண்டுகள் மாதிரி இல்லை. சர்க்கரையில் சுருங்கி, மெல்ல மெல்ல இனிக்கின்றன. இப்போது டம்ளருக்கு மூன்று துண்டு போடுகிறேன். மகள் டீயைக் குடித்து முடித்து, நீளக் கரண்டியை விட்டு ஐஸுக்கு அடியில் அதைத்தான் தேடுகிறாள்.